பேஜ்மேக்கரை விட்டு வருவதா வேண்டாமா: தமிழ்ப் பதிப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் புத்தகம் போடும் சிறு பதிப்பாளர்களுக்கும், சிற்றிதழ் ஆசிரியர்களுக்கும், என்னைப்போல் டிடிபி (கணினியில் பக்கம் கட்டும்) வேலையில் இருக்கும் தோழர்களுக்கும்,

வணக்கம்.

திருவல்லிக்கேணியில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து இருபத்தைந்து வருடத்துக்கும் மேலாகப் புத்தகப் பக்கம் கட்டிக்கொண்டிருக்கிறேன். புத்தகக் காட்சி நெருங்கும் கார்த்திகை, மார்கழியில் வேலை தலைக்கு மேல் கிடக்கும்போதுதான் யாராவது ஒருவர் கேட்பார்: "புது சாஃப்ட்வேருக்கு மாறணுமா? இருக்கிற பேஜ்மேக்கரே போதும்தானே?" பேஜ்மேக்கர் என்பது நம் கடைகளில் பக்கம் கட்டும் பழைய மென்பொருள். இதுவரை கேட்பவரின் கையிருப்பைப் பார்த்துப் பதில் சொல்லிவந்தேன். வசதி இருப்பவரிடம் மாறுங்கள் என்பேன். இல்லாதவரிடம் இந்த வருடம் ஓடட்டும் என்பேன். அப்படிச் சொன்னது தவறு என்று இப்போது நினைக்கிறேன். 2025 அக்டோபரோடு விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்ததால் பல கடைகளில் கணினியே மாறுகிறது, கேள்வியும் முன்னைவிட அதிகமாக வருகிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு பதிப்பகத்திலிருந்து மறுபதிப்புக்காக ஒரு சிடி வந்தது. நாட்டார் கதைகளின் தொகுப்பு, இருபது வருடத்துக்கு முந்தைய புத்தகம். தொகுத்தவர் எழுபதைக் கடந்தவர். ஊர் ஊராகப் போய், திண்ணையில் உட்கார்ந்து, டேப்பில் பதிந்து, கையால் எழுதிச் சேர்த்தவை. சிடி நல்லபடியாகவே திறந்தது. பக்க எண்கள், ஓரங்கள், தலைப்புக்கு மேல் விட்டிருந்த வெற்றிடம் எல்லாம் வைத்தது வைத்தபடி இருந்தன. எழுத்து மட்டும் இல்லை. நானூறு பக்கமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகச் சிதறிக் கிடந்தது. அந்த எழுத்துரு சிடியில் இல்லை. கணினியின் பின்புறம் பிரிண்டர் செருகும் இடத்தில் ஒரு பூட்டைச் செருகினால்தான் வேலை செய்யும் வகை எழுத்துரு அது. பூட்டு எங்கே போயிற்றென்று பதிப்பகத்தில் யாருக்கும் தெரியவில்லை. கிடைத்திருந்தாலும் அதைச் செருகும் துளை இன்றைய கணினியில் கிடையாது.

அச்சான பிரதியை வைத்துக்கொண்டு முழுக்க மறுபடி அடித்தோம். அடித்த பெண் நல்ல வேலைக்காரி. ஆனால் நகரத்தில் பிறந்து வளர்ந்தவள். கதையில் ஒரு கிழவி கஞ்சிக்கு "வெஞ்சணம்" கேட்கிறாள். அது புரூஃபில் "வெஞ்சினம்" என்று வந்திருந்தது. தொட்டுக்கொள்ளக் கேட்டவள் கடுங்கோபம் கேட்பவளாகிவிட்டாள். "அன்னைக்கு" எல்லாம் "அன்றைக்கு" ஆகியிருந்தது. அந்தப் பெரியவர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, பூதக்கண்ணாடியோடு, ஒருமுறை முழுதாகத் திருத்தி முடித்த தன் புத்தகத்தை இரண்டாம் முறையாக முதலிலிருந்து திருத்தினார். ஒன்பது நாள். ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். புத்தகம் போடும் பலருக்குத் தங்கள் புத்தகம் கணினிக்குள் எப்படி இருக்கிறது என்று யாரும் சொன்னதே இல்லை.

பேஜ்மேக்கர் 1985இல் ஆல்டஸ் நிறுவனம் கொண்டுவந்தது. "டெஸ்க்டாப் பப்ளிஷிங்" என்ற பெயரே அதை உண்டாக்கிய பால் பிரெய்னர்ட் வைத்ததுதான். 1994இல் அடோபி ஆல்டஸை வாங்கியது. 2001இல் வந்த 7.0தான் கடைசிப் பெரும்பதிப்பு. 2004க்குப் பிறகு அதை வளர்ப்பதையே விட்டுவிட்டார்கள். அந்தக் கட்டமைப்பில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடம்தான். அதிலும் ஆங்கில எழுத்துகள் உட்கார வேண்டிய இடத்தில் நாம் தமிழ் உருவங்களைக் கொண்டுபோய் வைத்தோம். பாமினி என்ற பழைய எழுத்துருவில் "தமிழ்" என்று திரையில் பார்க்கிறீர்களே, கணினிக்குத் தெரிந்தவரை அது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அவ்வளவுதான். பாமினி எழுத்துரு இருக்கும்வரை அது தமிழாகத் தெரியும். எழுத்துரு போனால் தமிழும் போயிற்று.

போதாததற்கு எழுத்துரு செய்யும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வோர் அடுக்கு, அதாவது எந்த இடத்தில் எந்த எழுத்து என்ற வரிசை. பாமினி ஒரு மாதிரி, வானவில் ஒரு மாதிரி, ஸ்ரீலிபி இன்னொரு மாதிரி. 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டின் தொடர்ச்சியாக டாம், டாப் என்ற குறியீடுகளை அரசு தரமாக வகுத்தபோதும் பழைய அடுக்குகள் தொடர்ந்து ஓடிக்கொண்டேதான் இருந்தன. 2010 ஜூனில் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது. எந்த மொழி எழுத்துக்கும் அதற்கென்று தனி எண் கொடுக்கும் உலகப் பொதுக் குறியீடு அது, எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே இருக்கும். யூனிகோடுத் தமிழ் சரியாக வராத மென்பொருள்களுக்கு மாற்றாக டேஸ்16 என்ற குறியீட்டையும் அறிவித்தது. பக்க வடிவமைப்புக்காரர்களான நம் கஷ்டத்தை நினைத்து வைத்த வழி என்றே அதை எடுத்துக்கொள்கிறேன், அதற்கு நன்றியும் உண்டு. ஆனால் டேஸ்16 உட்கார்ந்திருப்பது யூனிகோடில் தனியார் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கிய பகுதியில். தேடுபொறிக்கோ, செல்போனுக்கோ அது தமிழ் என்று தெரியாது. அச்சுக்குப் பயன்படுத்தியிருந்தால் சரி. பிரதியைச் சேமித்து வைக்க அதை நம்பாதீர்கள்.

இப்போது நம் கடைகளில் அன்றாடம் நடப்பதைச் சொல்கிறேன். எழுத்தாளர் செல்போனிலோ வேர்டிலோ யூனிகோடில் அடித்துச் சுத்தமாக அனுப்புகிறார். நாம் அதை ஒரு மாற்றியில் போட்டுப் பழைய எழுத்துருவுக்குக் கீழிறக்கிப் பேஜ்மேக்கரில் ஊற்றுகிறோம். மெய்ப்புத் திருத்தமெல்லாம் அங்கே நடக்கிறது. புத்தகம் அச்சாகிறது. ஆறு மாதம் கழித்து மின்னூல் வேண்டும் என்கிறார்கள். 2016இல் கிண்டிலில் தமிழ் நூல்கள் வரத் தொடங்கியதிலிருந்து இந்தக் கேள்வி வராத வருடம் இல்லை. உடனே பேஜ்மேக்கரிலிருந்து எடுத்து மறுபடி யூனிகோடுக்கு ஏற்றுகிறோம். கிணற்றுத் தண்ணீரைச் சேற்றில் ஊற்றிவிட்டு, சேற்றைப் பிழிந்து குடிநீர் எடுக்கிற வேலை இது.

பிழிந்த தண்ணீரில் என்னென்ன மிதக்கும் என்று தினமும் பார்க்கிறவன் சொல்கிறேன். பழைய எழுத்துருக்களில் ஔகாரக் குறியின் பின்பாதியும் ளகரமும் ஒரே உருவம். மாற்றிக்கு இரண்டையும் பிரிக்கத் தெரியாது. அதனால் "வெள்ளம்" என்பது "வௌ்ளம்" ஆகும், "தெளிவு" என்பது "தௌிவு" ஆகும். எதிர்ப்பக்கம் "கௌரவம்" என்பது "கெளரவம்" என்று நிற்கும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, தேடினால் மட்டும் கிடைக்காது. இடையில் ஆங்கிலத்தில் ஒரு நூற்பெயர், ஒரு மேற்கோள் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துக்கொண்டு அர்த்தமில்லாத தமிழாக மாற்றிவைக்கும். ஆய்வு நூல்களின் அடிக்குறிப்புகளைக் கேட்கவே வேண்டாம். மேற்கோள் குறி வேறு எழுத்தாகும். இதோடு இன்னொன்று: பேஜ்மேக்கருக்குத் தமிழ்ச் சொல்லை எங்கே உடைப்பது என்று தெரியாது. வரி இறுதியில் நாமே கையால் கோடு போட்டு, சில இடத்தில் என்டரும் தட்டி உடைத்திருப்போம். புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வந்துவிடக் கூடாதென்று நம் மூத்தவர்கள் கற்றுக்கொடுத்த ஒழுங்கை அப்படித்தான் காப்பாற்றினோம். கிரவுன் அளவில் வந்த புத்தகத்தை டெமியில் மறுபதிப்பு செய்யும்போது அந்தக் கோடெல்லாம் வரி நடுவில் வந்து பல்லிளிக்கும்.

ஆகவே, மாற வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில்: யூனிகோடில் தமிழைச் சரியாகக் காட்டுகிற, யூனிகோடிலேயே பக்கம் கட்டுகிற மென்பொருளுக்கு மாறுங்கள். இனிமேல் தொடங்கும் ஒரு புத்தகத்தையும் பழைய எழுத்துருவில் கட்டாதீர்கள். அதைத் தாண்டி, புதுப்பதிப்பில் என்ன வசதி வந்திருக்கிறது, ஐகான் எப்படி மாறியிருக்கிறது என்பதெல்லாம் நம்மைப் போன்றவர்களுக்கு இரண்டாம்பட்சம்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பக்கம் கட்டுவதற்கான அடோபியின் மென்பொருளான இன்டிசைனை வாங்கிய பல கடைகளில் இன்றும் அதற்குள் பழைய எழுத்துருவைத்தான் ஓட்டுகிறார்கள். மாதாமாதம் சந்தா கட்டியும் பிரதி பழைய சிறைக்குள்ளேயே இருக்கிறது. அப்படி மாறுவதற்கு மாறாமலே இருக்கலாம். இன்னும் ஒரு சிக்கல்: போஸ்ட்ஸ்கிரிப்ட் டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. பழைய தமிழ் எழுத்துரு அந்த வகையாக இருந்தால், கணினியில் இருந்தும் புதிய இன்டிசைன் அதைக் கண்டுகொள்ளாது. ட்ரூடைப் என்றால் ஓடும்.

"இன்டிசைனில் யூனிகோடு உடைகிறதே, கொம்பு இடம் மாறி நிற்கிறதே" என்பார்கள். உண்மைதான். நானும் முதலில் அப்படிப் பார்த்துவிட்டு, இது தமிழுக்கு ஆகாது என்று மூடிவைத்தவன்தான். காரணம், எழுத்துகளை வரியாகக் கோக்க அது வழக்கமாகப் பயன்படுத்தும் கம்போசர் என்ற பகுதி ஆங்கிலம் போன்ற எழுத்துகளுக்கானது. பாராகிராஃப் பலகையின் மெனுவில் வேர்ல்டு-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் கொம்பும் துணைக்காலும் தம் இடத்துக்கு வந்துவிடும். 2012இல் வந்த சிஎஸ்6 என்ற இன்டிசைன் பதிப்பில் தமிழ் உள்ளிட்ட பத்து இந்திய மொழிகளுக்கு இந்த வசதி உண்டு. அதற்கென்று கூடவே வரும் சிறு ஸ்கிரிப்டை ஒருமுறை ஓட்டினால் போதும். மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டால் சொல்லையும் அதுவே உடைக்கும். எல்லா இடத்திலும் நம் மனத்துக்கு ஒத்தபடி உடைக்காது, கண் வேண்டும். இருந்தாலும் பக்கத்துக்கு இருபது கோடு போட்ட கைக்கு அது பெரிய ஓய்வு.

சிஎஸ்6 உரிமத்தோடு ஏற்கெனவே கையில் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேஜ்மேக்கர் கோப்புகளை நேரடியாகத் திறக்கக்கூடிய கடைசி இன்டிசைன் அதுதான், பின்னால் வந்த சந்தா பதிப்புகள் திறப்பதில்லை. பழையதற்கும் புதியதற்கும் நடுவில் அது ஒரு பாலம். அதிலே புத்தகமும் நன்றாகவே கட்டலாம். அப்படிப்பட்டவரிடம் நான் புதுசு வாங்கச் சொல்ல மாட்டேன்.

ஒன்றும் இல்லாதவர்களுக்கு? 2013இலிருந்து அடோபி சந்தா முறைக்குப் போய்விட்டது. பணம் நின்றால் மென்பொருளும் நிற்கும். வருடத்துக்கு நாலு புத்தகம் போடுகிற ஒருவருக்கு அது பாரம்தான், மறுக்க மாட்டேன். ஆனால் பதிப்பாளர் ஒவ்வொருவரும் மென்பொருள் வாங்க வேண்டும் என்று யார் சொன்னது? வாங்க வேண்டியது வடிவமைப்பவர். ஒரு வடிவமைப்பாளர் சந்தா கட்டினால் பத்துப் பதிப்பகத்துக்கு வேலை செய்யலாம். அதுவும் முடியாதென்றால் ஸ்கிரைபஸ் இருக்கிறது. இலவசம், திறந்த மூலம். தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் திறன் அதன் 1.5 வரிசையில் வந்து, 2024 தொடக்கத்தில் வெளியான 1.6 நிலைப்பதிப்பில் நம் கைக்குக் கிடைத்தது. ஒரு கவிதைத் தொகுப்பை அதிலே கட்டி அச்சுக்கு அனுப்பினேன். சிவகாசியில் பிடிஎஃபை வாங்கினார்கள், பிளேட் போட்டார்கள், எதில் கட்டியது என்று ஒருவரும் கேட்கவில்லை. படமும் அட்டவணையும் நிறைந்த புத்தகத்துக்கு இன்டிசைன்தான் கைக்கு வசதி. கதை, கவிதை, கட்டுரைக்கு ஸ்கிரைபஸ் தாங்கும்.

நம் தொழிலில் உரிமம் இல்லாத பிரதிகள் ஓடுவது எல்லோருக்கும் தெரியும். என் கடையிலும் ஒரு காலத்தில் ஓடியது. எழுத்தாளரின் உரிமையை விற்றுப் பிழைக்கிற நாம் அதைச் செய்யக்கூடாது என்று உணர எனக்கு நாளாயிற்று. இலவசமாகவே ஒன்று கிடைக்கும் இந்தக் காலத்தில் அதற்கு நியாயம் தேட இடமில்லை.

தோழர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மாற்றம் என்றதும் உங்கள் மனத்தில் வரும் முதல் பயம் விசைப்பலகை. "இருபது வருடம் பழகிய கை, இனிமேல் எங்கே மாறும்?" மாற வேண்டியதே இல்லை. விசைப்பலகை வேறு, குறியீடு வேறு. என்ஹெச்எம் ரைட்டர் போன்ற இலவசக் கருவிகளில் பழைய தட்டச்சு முறை, பாமினி முறை, தமிழ்99 எல்லாம் இருக்கின்றன. உங்கள் விரல் பழகிய இடத்திலேயே அடிக்கும். உள்ளே சேர்வது மட்டும் யூனிகோடாக இருக்கும். பழைய தட்டச்சிலேயே வளர்ந்த என் கடை அக்கா ஒருவர் ஒரு பிற்பகலில் மாறினார். அவரை உட்கார வைத்துப் பேசி இசைய வைக்கத்தான் மூன்று மாதம் ஆயிற்று. எழுத்துரு அழகு பற்றிய வருத்தமும் நியாயமானதே. பழைய எழுத்துருக்களில் சிலவற்றின் வளைவு இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஆனால் நோட்டோவின் செரிஃப் தமிழும், தமிழ் இணையக் கல்விக்கழகம் வெளியிட்ட மருதம் போன்றவையும் இலவசமாகவே கிடைக்கின்றன. பத்து வருடத்துக்கு முன் இருந்த வறட்சி இப்போது இல்லை.

பதிப்பாளர்களே, உங்களிடம் கேட்பது கொஞ்சம் கூடுதல். அச்சுக்குப் போகும் பிடிஎஃபோடு திருப்தியடைந்து கணக்கை முடிக்காதீர்கள். வேலை முடிந்த அன்றே வடிவமைப்பாளரிடமிருந்து திருத்தம் முடிந்த முழுப் பிரதியையும் யூனிகோடில் வெறும் உரைக்கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். இன்டிசைனில் கட்டியதென்றால் ஐடிஎம்எல் வடிவத்திலும் ஒரு பிரதி கேளுங்கள், பதிப்பு மாறினாலும் அது திறக்கும். பயன்படுத்திய எழுத்துரு எது, அதன் உரிமம் யாரிடம் என்று ஒரு துண்டுத்தாளில் எழுதி வையுங்கள். இதையெல்லாம் கேட்பது உங்கள் உரிமை. அதற்கான கூலியைக் கொடுப்பது உங்கள் கடமை. பக்கக் கூலியில் இது அடங்காது. பழைய புத்தகத்தை மாற்றும்போது இயந்திரம் மாற்றிக் கொடுத்ததை ஒரு வரி விடாமல் மெய்ப்புப் பார்க்க ஆள் வேண்டும், அவருக்கும் சம்பளம் வேண்டும். மாற்றியில் போட்டால் முடிந்தது என்று யாராவது மலிவாகச் சொன்னால் "வௌ்ளம்" கதையை நினைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாப் பழைய புத்தகங்களையும் ஒரே மூச்சில் மாற்றச் சொல்லவில்லை. அது நடக்காது. மறுபதிப்புக்கு வருகிறவை முதலில். அதற்கும் முன்னால், ஆசிரியர் உயிரோடு இருக்கிற, வட்டார வழக்கும் கலைச்சொல்லும் நிறைந்த புத்தகங்கள். சந்தேகம் வந்தால் கேட்க ஆள் இருக்கும்போதே அவற்றைச் செய்துவிட வேண்டும். அந்தப் பெரியவர் அன்று இல்லாமல் போயிருந்தால் "வெஞ்சினம்" என்றே அச்சாகி, பத்து வருடம் கழித்து எவராவது அதற்கு உரை எழுதியிருப்பார்கள்.

இன்னொரு வாசகரையும் நினைத்துப் பார்க்கக் கேட்கிறேன். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான் தமிழை வாசிக்கும். பார்வையற்ற மாணவர் ஒருவர் உங்கள் புத்தகத்தின் கோப்பை அதன் துணையோடு திறந்தால், யூனிகோடு என்றால் கதை கேட்கும். பாமினி என்றால் "ஜே கே பி ஓ" என்று கேட்கும். பார்வையற்றோர் படிக்கும் வடிவில் நூல்களைத் தர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கையை 2014இல் உலகில் முதலாவதாக ஏற்புறுதி செய்த நாடு இந்தியா. சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. ஒரு கல்லூரி மாணவி என் கடைக்கு வந்து, தன் பாடத்துக்கு வேண்டிய புத்தகத்தை வாசிக்கும் வடிவில் தர முடியுமா என்று கேட்டாள். அதைக் கட்டியவன் நான்தான். கோப்பும் என்னிடமே இருந்தது. கொடுக்கும் நிலையில் அது இல்லை.

பதிப்பாளர் அமைப்புகள் ஒன்றுசேர்ந்தால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பேஜ்மேக்கர் ஓடுகிற பழைய கணினிகள் இரண்டு, பழைய எழுத்துருக்கள், சிடியும் ஃபிளாப்பியும் வாசிக்கும் கருவிகள், ஒரு சிஎஸ்6, இந்த அடுக்குகளைக் கண்ணால் பார்த்தே இனம்காணத் தெரிந்த இரண்டு மூத்த டிடிபிக்காரர்கள். ஒரு சின்ன அறை போதும். எந்தப் பதிப்பகமும் தன் பழைய கோப்பைக் கொண்டுவந்து யூனிகோடாக மாற்றிப் போகலாம். இடமும் உரிமமும் அமைப்பு பார்த்துக்கொண்டால் உழைப்பைத் தர என்னைப்போல் பலர் வருவார்கள். எங்களுக்கும் வயதாகிறது. எழுத்துருவின் பெயர் தெரியாத பக்கத்தைப் பார்த்ததும் இது இன்ன வீட்டு அடுக்கு என்று சொல்லக்கூடியவர்கள் இன்னும் எத்தனை வருடம் மேசையில் இருப்போம்?

அதுவரைக்கும் என் கடையில் ஒரு பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியை இணையத்தில் இணைக்காமல் ஓடவிட்டு வைத்திருக்கிறேன். உங்கள் அலமாரியின் மேல்தட்டில் உறையோடு கிடக்கும் சிடிகளை இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கி, எது திறக்கிறது, எது திறக்கவில்லை என்று மட்டும் முதலில் பாருங்கள். திறந்தவற்றை அன்றைக்கே வேறோரிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். திறந்தும் எழுத்துத் தெரியாதவற்றைத் தூர எறியாதீர்கள், கூடவே அச்சுப் பிரதி ஒன்றையும் எடுத்துக்கொண்டு யாராவது பழைய டிடிபிக்காரரிடம் போங்கள்.

அன்புடன்,
திருவல்லிக்கேணியிலிருந்து ஒரு பக்க வடிவமைப்பாளர்